கரடியைச் சுட யார் கையெழுத்து?

2022 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அன்று கரடி வேட்டை தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்னால், நவம்பர் 30 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டே கொடுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அதே நீதிமன்றம் ஸ்டேயை விலக்கிக்கொண்டது. துப்பாக்கியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தவர்கள் உடனே காட்டுக்குள் இறங்கினார்கள். பருவம் முடிந்தபோது 114 கரடிகள் செத்திருந்தன.

அந்த வேட்டைக்கு ஒப்புதல் தந்தவர் கவர்னர் ஃபில் மர்ஃபி. அங்கே கவர்னர் என்றால் நம்மூர் ராஜ்பவன்காரர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர். இதே மர்ஃபி 2017-ல் ஓட்டுக் கேட்டு வந்தபோது கரடி வேட்டையை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார். விலங்கு நேயர்கள் அதை நம்பிப் பிரசாரம் செய்தார்கள். ஐந்தே வருஷத்தில் அவர் கையெழுத்தை எதிர்த்து அவர்களே கோர்ட் படி ஏற வேண்டியதாயிற்று.

அரசியல்வாதி பேச்சு மாறுவது நமக்குப் புதிதல்ல. இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கும் இந்தச் சண்டையின் வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் தெரிவதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. கரடியைக் கொல்வது சரியா, தப்பா என்பது எந்த வழக்கையும் முடித்துவைத்த கேள்வி அல்ல. நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறொன்று: ‘கொல்லலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அதை எந்த முறைப்படி சொல்ல வேண்டும்?

நூறுக்கும் கீழே இருந்து மூவாயிரம்

நியூ ஜெர்சி பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான். 90 லட்சத்துக்கும் மேல் மக்கள். அமெரிக்காவிலேயே ஜன நெருக்கம் அதிகமுள்ள மாநிலம். எடிசன் பக்கம் இட்லி மாவு வாங்கப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்த நியூ ஜெர்சியும், கரடிகளின் நியூ ஜெர்சியும் வேறு வேறு. கரடிகளுடையது வடமேற்கு மூலை. சஸ்ஸெக்ஸ், வாரன், பசேயிக், மாரிஸ் கவுண்டிகள். மலைச்சரிவு, ஏரி, ஓக் மரக் காடு, அவற்றுக்கு நடுவே தோட்டம் வைத்த தனி வீடுகள்.

போன நூற்றாண்டின் நடுவில் அந்த மாநிலத்தில் கருங்கரடிகள் நூறுக்கும் கீழே போய்விட்டன. 1971-ல் வேட்டையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கரடிகளுக்கு நல்ல காலம். கைவிடப்பட்ட விவசாய நிலங்கள் காடாகித் திரும்பின. ஓக் கொட்டை குறைவில்லாமல் கிடைத்தது. பக்கத்து பென்சில்வேனியாவிலிருந்தும் கரடிகள் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தன. அதே காலத்தில் நகரத்தில் சலித்துப்போன மனிதர்களும் காட்டோரத்தில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். அவர்களோடு குப்பைத் தொட்டி, பறவைகளுக்குத் தானியம் வைக்கும் கூண்டு, பின்வாசலில் பார்பிக்யூ அடுப்பு எல்லாம் வந்தன. குளிர்காலத்துக்குமுன் வயிறு நிறைய வேண்டிய விலங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்றைக்கு மாநிலத்தின் 21 கவுண்டிகளிலும் கரடியைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது.

2000-ல் வேட்டையை மறுபடி திறக்க முடிவெடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கவர்னர் கிறிஸ்டின் டாட் விட்மன் வேண்டாம் என்றார், கைவிடப்பட்டது. 2003 டிசம்பரில்தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வேட்டை நடந்தது. 328 கரடிகள்.

பதினொரு பேர் கவுன்சில்

இங்கே ‘முடிவெடுத்தார்கள்’ என்று சொன்னது யாரை? அதில்தான் முடிச்சு.

நியூ ஜெர்சியில் எந்த விலங்கை எந்த மாதத்தில் எத்தனை சுடலாம் என்று விதி எழுதுவது கவர்னரோ சட்டமன்றமோ அல்ல. மீன், வேட்டைக் கவுன்சில் என்று ஓர் அமைப்பு. 1940-களிலிருந்து இருக்கிறது. பதினொரு உறுப்பினர்கள். அதில் ஆறு பேர் வேட்டைக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள். அவர்களுடைய பெயர்களைச் சிபாரிசு செய்வது வேட்டைச் சங்கங்களின் கூட்டமைப்பு. மூன்று பேர் விவசாயிகள். கரடி சோளக்கொல்லையில் புகுந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்கள். மிச்சம் இரண்டே இடம். ஒன்று அருகிவரும் உயிரினங்கள் குழுவின் தலைவருக்கு, மற்றது பொதுமக்கள் பிரதிநிதிக்கு. கரடியைச் சுடக்கூடாது என்று நினைக்கிற ஒருவர் கரடியாய்க் கத்தினாலும் அங்கே பெரும்பான்மை கிடைக்காது.

இது அநியாயம் என்பார்கள் எதிர்ப்பாளர்கள். வேட்டைக்காரர்களிடம் அதற்கு ஒரு பதில் உண்டு, அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் காட்டுயிர் நிர்வாகத்துக்குப் பெரும்பங்கு பணம் வருவது அவர்களிடமிருந்துதான். வேட்டை லைசென்ஸ் கட்டணம் ஒன்று. 1937-ல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரி இன்னொன்று. நீண்ட துப்பாக்கிக்கு 11 சதவீதம். கரடிகள் எண்ணிக்கையில் மீண்டு வந்ததில் இந்தப் பணத்துக்கும் பங்குண்டு. பணம் கட்டுகிறவன் பேச்சு எடுபடுவது எங்கும் உள்ளதுதானே. சட்டம் காட்டு விலங்கை எல்லோருக்கும் பொதுச் சொத்து என்கிறது. பராமரிப்புச் செலவை ஒரு சாரார் தலையில் வைக்கிறது. முரண்பாடு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

கவுன்சில் தன்னிச்சையானதும் அல்ல. அது சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. துறைத் தலைவராகிய கமிஷனரை நியமிப்பவர் கவர்னர். 2004-ல் கவுன்சில் மறுபடி வேட்டை அறிவித்தபோது, கமிஷனர் பிராட்லி கேம்ப்பெல் அனுமதிச் சீட்டு கொடுக்கமாட்டேன் என்று மறுத்தார். மாநில அரசின் நிலங்களையும் கரடி வேட்டைக்கு மூடினார். வேட்டைச் சங்கங்கள் வழக்குப் போட்டன. வேட்டை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டது. கரடிகளை எப்படி நிர்வகிப்பது என்று முழுமையான கொள்கை ஒன்றைக் கவுன்சில் எழுத வேண்டும், அதற்குக் கமிஷனர் ஒப்புதல் தர வேண்டும், அதுவரை வேட்டை கூடாது என்றது. அந்த வருஷக் கரடிகள் பிழைத்தன. அவற்றைக் காப்பாற்றியது கருணை அல்ல, கோப்பில் ஒரு கையெழுத்துக் குறைவு.

2005-ல் அந்தக் கொள்கை தயாரானது. அதே கேம்ப்பெல் ஒப்புதல் தந்தார். 298 கரடிகள். 2006-ல் ஜான் கோர்சைன் கவர்னர். அவருடைய கமிஷனர் லிசா ஜாக்சன் (பின்னாளில் ஒபாமா அரசில் சுற்றுச்சூழல் முகமையின் தலைவரானவர்) அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். வேட்டை ரத்து. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருபடி மேலே போய், 2005 கொள்கையே செல்லாது என்றது. காரணம், அதை முறைப்படி அரசு விதியாக அறிவித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆக, 2005-ல் செத்த 298 கரடிகளும் பிற்பாடு செல்லாமல் போன ஒரு கொள்கையின்படி சுடப்பட்டவை.

கட்சிக் கணக்கிலும் இதைச் சுருக்கிவிட முடியாது. 2000-ல் வேண்டாம் என்ற விட்மன், துப்பாக்கிக்காரர்கள் கட்சி என்று பெயரெடுத்த குடியரசுக் கட்சிக்காரர். 2003-லும் 2005-லும் வேட்டை நடந்தது ஜனநாயகக் கட்சி ஆட்சியில்.

2010-ல் கிறிஸ் கிறிஸ்டி கவர்னராக வந்தார். விதிப்படி அறிவிப்பு, கருத்துக் கேட்பு எல்லாம் ஒழுங்காக முடிந்தன. தடை கேட்டுப் போனவர்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் பிடி கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் 592 கரடிகள். அதற்குப் பிறகு பத்து வருஷம் வேட்டை தடைபடவே இல்லை.

காது அட்டையும் ஒரு பல்லும்

வேட்டை வாரத்தில் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளச் சோதனைச் சாவடியைப் பார்க்க வேண்டும். சுட்ட கரடியை நேரே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. டிரக்கின் பின்னால் கிடத்தி, அரசு குறித்த சாவடிக்குக் கொண்டுவந்து காட்டியாக வேண்டும். சஸ்ஸெக்ஸ் கவுண்டியில் ஃப்ரெடன் என்ற ஊரிலுள்ள விட்டிங்ஹாம் வனப்பகுதிச் சாவடி பேர்பெற்றது. ஒரு பக்கம் கயிறு கட்டிய எல்லைக்குள் பதாகை பிடித்த எதிர்ப்பாளர்கள், நடுவில் மாநிலப் போலீஸ், இந்தப் பக்கம் பச்சை உடை போட்ட உயிரியலாளர்கள். கரடியைக் கொக்கியில் தூக்கி எடை போடுகிறார்கள். ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பல் ஒன்றைப் பிடுங்கி உறையில் போடுகிறார்கள். மரத்தின் வளையம்போல அந்தப் பல்லின் குறுக்குவெட்டில் வயது தெரியும்.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது காதை. அந்த வருஷம் துறை உயிரோடு பிடித்து, காதில் எண் அட்டை மாட்டி விட்ட கரடியா இது? அட்டை மாட்டிய கரடிகளில் எத்தனை பங்கு சாவடிக்கு வந்தது என்பதை வைத்துத்தான் மொத்தக் கரடிகளில் எத்தனை பங்கு செத்தது என்று கணிக்கிறார்கள். 20 சதவீதம் இலக்கு. 30-ஐத் தொட்டால் வேட்டையை அங்கேயே முடித்துவிட வேண்டும். 20-ஐ எட்டாவிட்டால் மறு வாரம் நான்கு நாள் கூட்டிக் கொடுப்பார்கள். 2022-ல் அப்படிக் கூட்டிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் அந்த 114.

எதிர்ப்பாளர்கள் இந்தச் சாவடியைக் கசாப்புக் கடை என்கிறார்கள். துறை அதை ஆய்வுக்கூடம் என்கிறது. அங்கே நடப்பது இரண்டும்தான்.

செத்த மாணவரும் நடந்த கரடியும்

மக்களுடைய மனம் இந்த விவகாரத்தில் எப்படி ஆடியது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

2014 செப்டம்பர். வெஸ்ட் மில்ஃபர்டில் அப்ஷாவா காப்புக்காட்டுக்கு ஐந்து நண்பர்கள் நடக்கப் போனார்கள். எதிரே வந்தவர்கள், கரடி பின்தொடர்கிறது, திரும்பிவிடுங்கள் என்று எச்சரித்தார்கள். இவர்கள் மேலே போனார்கள். கரடி நெருங்கியதும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். கரடியைக் கண்டால் ஓடாதே என்பதுதான் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் முதல் பாடம். அந்த நிமிஷத்தில் யாருக்கு நினைவிருக்கும்? ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறந்தார். வயது 22. நியூ ஜெர்சியில் கரடியால் மனிதர் செத்ததாகப் பதிவான முதல் சம்பவம் அது. இறப்பதற்கு முன் அவர் தன் போனில் அந்தக் கரடியைப் படமெடுத்திருந்தார்.

அதே ஆண்டுகளில் ஓக் ரிட்ஜ் பக்கம் வேறொரு கரடி வீடியோக்களில் பிரபலமாகிக்கொண்டிருந்தது. முன்னங்கால்களில் அடிபட்டதாலோ, பிறவிக் கோளாறாலோ, அது பின்னங்கால் இரண்டில் மனிதனைப்போல நிமிர்ந்து நடந்தது. குடியிருப்புச் சாலையில் ஒரு ஆள் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறாரோ என்று தோன்றும். பெடல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பிடித்துச் சரணாலயத்துக்கு அனுப்பச் சொல்லி லட்சக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நிதியும் திரண்டது. துறை மறுத்தது: அது தன்பாட்டுக்கு இரை தேடிப் பிழைக்கிறது, காட்டிலேயே இருக்கட்டும்.

2016-ல் டிசம்பர் போதாதென்று அக்டோபரிலும் ஒரு வேட்டைப் பருவம் சேர்த்தார்கள். வில் அம்புக்கும் அனுமதி. அந்த அக்டோபரில் பெடல்ஸ் செத்துவிட்டதாகச் செய்தி பரவியது. சாவடிக்கு வந்த ஒரு கரடியின் முன்னங்கால்களில் காயம் இருந்தது உண்மை. ஆனால் அதுதான் பெடல்ஸா என்று உறுதிசெய்ய வழியில்லை என்றது துறை. அதற்குமுன் அட்டையோ அடையாளமோ மாட்டாத விலங்கை எதை வைத்துச் சொல்வது? மெழுகுவத்தி ஏந்தினார்கள், அழுதார்கள். மாநில செனட்டர் ரேமண்ட் லெஸ்னியாக் ஐந்து வருஷத்துக்கு வேட்டையை நிறுத்தும் மசோதாவுக்குப் பெடல்ஸ் பெயரையே வைத்தார். அது சட்டமாகவில்லை. அந்த வருஷம் இரண்டு பருவமும் சேர்த்து 636 கரடிகள்.

பெடல்ஸுக்காக அழுதவர்கள் மற்ற 635-க்கும் அழுதிருப்பார்களா என்று கேட்பது கொஞ்சம் குரூரம்தான். ஆனாலும் துறையின் உயிரியலாளர்கள் கேட்பது அதைத்தான். அவர்கள் கண்ணில் கரடி ஒரு எண்ணிக்கை. ஊர்க்காரர்கள் கண்ணில் அது ஒரு முகம். இரண்டு கண்ணும் ஒரே விலங்கைப் பார்ப்பதில்லை.

237 சதவீதம்

மர்ஃபி பதவிக்கு வந்ததும் தன் வாக்கைக் காப்பாற்ற முயன்றதை மறுக்கக் கூடாது. வேட்டையை நேரடியாக நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அது கவுன்சில் கையில். மாநில நிலங்கள் அவர் கையில். 2018 ஆகஸ்டில் அரசாணை போட்டு அந்த நிலங்களில் கரடி வேட்டையை மூடினார். 2004-லேயே கேம்ப்பெல் திறந்துவிட்ட வழி அது. அந்த வருஷ எண்ணிக்கை 225-க்கு இறங்கியது. பிறகு கொள்கையின் காலம் முடிய விட்டார். 2020 டிசம்பரோடு வேட்டை நின்றது. 2021-ல் ஒரு கரடியும் வேட்டையில் சாகவில்லை.

2022-ல் புகார்கள் குவிந்தன. ஜனவரி முதல் அக்டோபர் வரை கரடிச் சேதம், தொல்லை பற்றி 1,538 பதிவுகள். முந்தைய வருஷம் இதே மாதங்களில் 456. ஏற்றம் 237 சதவீதம். இந்த எண்ணைத்தான் அரசு கொடியாகப் பிடித்தது. மூவாயிரம் கரடிகள் இரண்டே வருஷத்தில் நாலாயிரத்தைத் தாண்டும் என்றது. நவம்பரில் கவுன்சில் அவசர விதி கொண்டுவந்தது. அவசர விதிக்குக் கருத்துக் கேட்பு வேண்டாம், 60 நாள் செல்லும், கவர்னர் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் ‘உடனடி ஆபத்து’ இருப்பதாகக் காட்ட வேண்டும்.

வழக்குத் தொடுத்தவர்கள் குறிவைத்தது இந்த இரண்டு வார்த்தைகளை. புகார்கள் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. கருத்துக் கேட்டு விதி செய்ய நேரம் இருந்தது. சும்மா இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் அவசரம் என்றால் அது யார் செய்த அவசரம்? நல்ல வாதம். முதலில் ஸ்டே கிடைத்ததும் பிறகு அது விலகியதும் மேலே சொன்னதுதான். எதிர்ப்பாளர்களுக்குச் சில சலுகைகளும் விதியிலேயே இருந்தன: 75 பவுண்டுக்கு (34 கிலோ) குறைந்த குட்டியைச் சுடக்கூடாது, குட்டியோடு திரியும் பெரிய கரடியைச் சுடக்கூடாது, தீனி கொட்டி வைத்த இடத்திலிருந்து 300 அடிக்குள் வேட்டை கூடாது.

237 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது போன் அழைப்புகளின் கணக்கு. கரடிகளின் கணக்கு அல்ல. ஓக் கொட்டை விளையாத வருஷத்தில் அதே கரடிகள் அதிகமாக ஊருக்குள் வரும். கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு, புகார்களின் ஏற்ற இறக்கம் காட்டில் இரை கிடைப்பதையே ஒட்டிப் போகிறது, எத்தனை கரடி சுடப்பட்டது என்பதை அல்ல என்று கண்டது. இதற்கு எதிர்த் திசையில், யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியின் நீண்டகாலத் தரவுகளையே எடுத்து ஆராய்ந்து, வேட்டையும் தொல்லைக் கரடிகள்மேல் நடவடிக்கையும் சேர்ந்து மோதலைக் குறைக்கின்றன என்றார்கள். இரு தரப்பு வக்கீல்களும் தங்களுக்குப் பிடித்ததை உருவிக்கொள்ளலாம். அடுக்களைக் கதவை உடைத்து உள்ளே வந்த கரடியைப் பார்த்த வீட்டுக்காரரிடம் எந்த ஆய்வையும் நீட்ட முடியாது என்பதும் உண்மை.

குப்பை விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாகத் தலையாட்டும். கரடிக்குத் தீனி போடுவது நியூ ஜெர்சியில் 2002-லிருந்து குற்றம், ஆயிரம் டாலர் வரை அபராதம். கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியைக் கரடிப் பகுதிகளில் கட்டாயமாக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்துக்கு வந்தன; அவை நகரவில்லை. தொட்டிக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி சிவபூஜையில் கரடியாக நடுவே வந்துவிடும்.

சீட்டு வாங்கும் எதிரிகள்

மற்ற மாநிலங்களிலும் இதே இழுபறிதான். வாஷிங்டன் மாநிலத்தில் 2021 நவம்பரில் வசந்தகாலக் கரடி வேட்டை, மாநிலக் காட்டுயிர் ஆணையத்தின் வாக்கெடுப்பில் 4-க்கு 4 என்று சமமாகி விழுந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்ததுதான் காரணம். வயோமிங்கில் 2018-ல் கிரிஸ்லி கரடி வேட்டைக்கு 22 வரை ஒதுக்கினார்கள். தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மத்திய நீதிமன்ற நீதிபதி டேனா கிறிஸ்டென்சன் தடுத்து நிறுத்தி, அடுத்த மாதம் கிரிஸ்லிகளுக்கு மத்திய அரசுப் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வேட்டைக்கான குலுக்கலில் விண்ணப்பித்தவர்களில் சிம்பன்ஸி ஆய்வாளர் ஜேன் குடாலும் ஒருவர். சீட்டு விழுந்தால் கேமராவோடு போவதாக உத்தேசம். அவருக்கு விழவில்லை, புகைப்படக்காரர் டாம் மேங்கெல்சனுக்கு விழுந்தது.

எதிர்ப்பவர்களே சீட்டு வாங்கும் இந்த உத்தியை ஃப்ளோரிடா பெரிய அளவில் பார்த்துவிட்டது. 2015 அக்டோபரில், இருபது வருஷத்துக்குப் பிறகு, அங்கே கரடி வேட்டை திறந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சீட்டு: 3,778 பேர். மாநிலம் முழுக்க 320 கரடிகள் என்று வரம்பு. ஒரு வாரம்வரை போகலாம் என்று நினைத்தார்கள். இரண்டே நாளில் 304 விழுந்தன. கிழக்குப் பான்ஹாண்டில் பகுதிக்கு ஒதுக்கியது 40. முதல் நாளே அங்கே அதன் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மாநிலக் காட்டுயிர் ஆணையம் பதறிப்போய் மூடியது. அதற்குப் பிறகு பத்து வருஷம் திறக்கவில்லை.

2025 மே மாதம் அந்த மாநிலத்தில் கரடியால் முதல் மனிதச் சாவு நடந்தது. ஆகஸ்டில் ஆணையம் டிசம்பர் வேட்டைக்கு வாக்களித்தது. வழக்கு வந்தது, நீதிபதி தடை விதிக்கவில்லை. இந்த முறை 172 சீட்டுதான், ஒரு சீட்டுக்கு ஒரு கரடி, குலுக்கல் முறை. ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 5 டாலர். வேட்டையை எதிர்ப்பவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களெல்லாம் ஐந்தைந்து டாலராகக் கட்டி விண்ணப்பித்தார்கள். விண்ணப்பங்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. குலுக்கலில் சில டஜன் சீட்டுகள் அவர்களுக்கு விழுந்தன. உள்ளூர்க்காரர்களுக்குச் சீட்டு 100 டாலர். அதையும் கட்டி வாங்கி, வேட்டைக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள். சீட்டு ஒன்றுக்குக் கரடி ஒன்று என்று அவர்கள் கணக்கு. அவர்கள் கட்டிய ஐந்து டாலரும் நூறு டாலரும், வேட்டைக்காரர்கள் கட்டியதோடு சேர்ந்து, வேட்டையை அறிவித்த அதே ஆணையத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.